கையில், காதில், பக்கத்து இருக்கையில்: ஓட்டும்போது எந்தப் பேச்சு எவ்வளவு ஆபத்து?

விழுப்புரத்திலிருந்து காரில் வந்துகொண்டிருந்தேன். செங்கல்பட்டில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஊருக்குள் போக வேண்டும். வழியில் அக்கா அழைத்தாள். அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. கார் ஸ்பீக்கரில்தான் பேசினேன். இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் சாலையில். பேசி முடித்தபோது எதிரே பரனூர் சுங்கச்சாவடி நின்றது. செங்கல்பட்டு எப்போதோ பின்னால் போய்விட்டிருந்தது. ஊர்ப்பலகையைப் பார்த்த நினைவே இல்லை. அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு குழந்தை குறுக்கே வந்திருந்தால்? அன்று முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஓட்டும்போது நாம் பேசும் விதங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கத் தொடங்கியது அதனால்தான்.

போனைக் கையில் பிடித்துப் பேசுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில், எண்ணைத் தேட இரண்டு நொடி தலை குனிந்தால் வண்டி 44 மீட்டர் தானாகவே ஓடியிருக்கும். அமெரிக்காவில் வர்ஜீனியா ஆய்வாளர்கள் 3,500க்கும் மேற்பட்டோரின் வாகனங்களில் கேமரா பொருத்திக் கவனித்தார்கள். 2016இல் வெளியான அதன் முடிவின்படி, ஓட்டிக்கொண்டே எண் அழுத்துபவருக்கு விபத்து அபாயம் ஏறக்குறைய 12 மடங்கு. கையில் பிடித்துப் பேசுபவருக்கு இரண்டு மடங்குக்குச் சற்று மேல்.

இதைவிட எனக்கு அச்சம் தருவது ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொள்வது. கை சும்மாதானே இருக்கிறது என்ற நம்பிக்கையில் வேகத்தைக்கூடக் குறைக்க மாட்டார்கள். ஒரு காது அடைபட்டுவிடும். பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் அந்தப் பக்கம் சரியாகக் கேட்காது. போன் நழுவும் கணத்தில், யோசிக்கும் முன்பே இடது கை ஹேண்டில்பாரை விட்டுவிட்டுக் கன்னத்துக்குப் போகும். எங்கள் தெருமுனை வேகத்தடையில் ஓர் இளைஞர் அப்படித்தான் சாய்ந்து விழுந்தார். போனுக்கு இடம் வேண்டுமென்று ஹெல்மெட் பட்டையை அவர் மாட்டவில்லை. தலை தப்பியது அவருடைய நல்ல நேரம்.

அடுத்தது ப்ளூடூத்தும் கார் ஸ்பீக்கரும். பெரும்பாலோர் இதைப் பாதுகாப்பான வழி என்று நம்புகிறோம். சட்டமும் அப்படித்தான் தோன்றச் செய்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, கையில் பிடிக்கும் கருவியைத்தான் ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது. ஆனால் 1997இல் கனடாவின் டொராண்டோவில் 699 ஓட்டுநர்களை வைத்து நடந்த ஆய்வும், 2005இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் 456 பேரிடம் நடந்த ஆய்வும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன: பேசும்போது விபத்து அபாயம் சுமார் நான்கு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அது குறையவில்லை.

வர்ஜீனியா ஆய்வாளர்கள் இதை அப்படியே ஏற்பதில்லை. கண் சாலையை விட்டு விலகுவதே பெரிய ஆபத்து என்பது அவர்கள் கட்சி. அதில் நியாயம் உண்டு. எண் அழுத்துவதும் ஸ்பீக்கரில் பேசுவதும் ஒன்றல்ல. ஆனால் நம் சாலையை நினைத்துப் பாருங்கள். நடுத்தடுப்பின் இடைவெளியில் மாடு நுழைகிறது, எதிர்த்திசையில் பைக் வருகிறது, பஸ்ஸின் முன்னாலிருந்து பள்ளிப் பிள்ளை ஓடி வருகிறது. இங்கே கண் பார்த்தால் போதாது, மனமும் பார்க்க வேண்டும். என் கண் அன்று செங்கல்பட்டுப் பலகையின் மேல்தான் இருந்திருக்கும்.

அப்படியானால் பக்கத்து இருக்கைக்காரரோடு பேசுவதும் அதே ஆபத்துதானே என்று கேட்கலாம். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். சாலையைத் திரையில் காட்டும் செயற்கை ஓட்டும் கருவியில் சுமார் 13 கிலோமீட்டர் ஓட்டி, குறிப்பிட்ட ஓய்விடத்தில் இறங்க வேண்டும். போனில் பேசியபடி ஓட்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்த இடத்தைத் தவறவிட்டார்கள். நண்பரைப் பக்கத்தில் வைத்துப் பேசியவர்களில் பெரும்பாலோர் சரியாக இறங்கினார்கள். காரணம் எளிது. லாரி குறுக்கே வந்தால் பக்கத்தில் இருப்பவர் பேச்சைப் பாதியில் நிறுத்துவார், 'பார்த்து, பார்த்து' என்பார். போனில் இருப்பவருக்கு லாரி தெரியாது. 'ஏன் பேசாமல் இருக்கிறாய்?' என்று கேட்பார். இந்த நற்சான்று காருக்குத்தான். பைக்கின் பின்னிருக்கைப் பேச்சில் ஓட்டுபவர் கழுத்தைத் திருப்பிவிடுகிறார்.

மிஞ்சுவது நிறுத்திப் பேசுவது. என் தேர்வு இதுதான், எங்கே நிறுத்துகிறோம் என்பதையும் சேர்த்து. நான்குவழிச் சாலையின் ஓரக் கோட்டை ஒட்டி நிறுத்தினால், தூக்கக் கலக்கத்தில் வரும் லாரிக்கு நாமே இலக்கு. பெட்ரோல் பங்க், தேநீர்க் கடையின் முற்றம், லாரிகள் ஒதுங்கும் இடம் என்று சாலையை விட்டு முழுதாக விலகிய பிறகுதான் போனை எடுக்க வேண்டும். அதுவரை மணி அடித்து ஓயட்டும்.

அழைப்பவர் பக்கமும் வேலை இருக்கிறது. அக்காவிடம் அன்றைய கதையைச் சொன்னேன். இப்போதெல்லாம் அவளுடைய முதல் கேள்வி 'வண்டியிலா இருக்கிறாய்?' என்பதுதான். ஆமாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிடுகிறாள்.