அம்மா வீட்டு லேண்ட்லைனுக்கு எது மாற்று? ஃபைபர் போன், சிம் போன், செயலி: ஓர் அலசல்

மன்னார்குடியில் அம்மா இருக்கும் வீட்டு எண் 04367-இல் தொடங்குகிறது. முதலில் ஐந்து இலக்கமாக இருந்தது. பிறகு முன்னால் ஒரு 2 சேர்ந்து ஆறு இலக்கமானது. அக்கா கல்யாணப் பத்திரிகையில் அச்சான எண் அது. கேஸ் ஏஜென்சியிலும் மருந்துக் கடையிலும் அப்பாவின் பழைய நண்பர்கள் டைரியிலும் அதுதான் இருக்கிறது. போன வருடம் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டினார்கள், கேபிள் அறுந்தது. பிஎஸ்என்எல்லின் பழைய காப்பர் (செம்புக் கம்பி) லைனையே மறுபடி ஒட்டச் சொல்லலாமா, இதுதான் சமயம் என்று இன்டர்நெட் வழியாகப் பேசும் போனுக்கு மாறிவிடலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது.

சென்னையில் இருக்கும் அண்ணன் தன் வீட்டில் இருப்பதுபோல ஜியோ ஃபைபர் (கண்ணாடி இழை இணைப்பு) போடலாம் என்றார். அக்கா மகன், "எதுக்கு மாமா லேண்ட்லைன், பாட்டிக்கு ஒரு ஸ்மார்ட்போன் போதும்" என்றான். அம்மா சொன்னது ஒன்றுதான்: "நம்பர் மாறக் கூடாதுப்பா." அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் நான் ஒப்பிட ஆரம்பித்தேன். எண் அப்படியே இருக்குமா, கரண்ட் போனாலும் மணி அடிக்குமா, 78 வயதில் அம்மா தானே எடுத்துப் பேச முடியுமா? வாடகையை நாலாவது இடத்தில்தான் வைத்தேன். வயதானவர்கள் தனியாக இருக்கும் எந்த வீட்டுக்கும் இந்த வரிசைதான் சரி என்று நினைக்கிறேன்.

வாடகையைச் சீக்கிரம் முடித்துவிடலாம்

மூன்று பெரிய ஃபைபர் சேவைகளுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. 2020 செப்டம்பரில் ஜியோ 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் வேகத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதே சமயத்தில் ஏர்டெல் 499 ரூபாயில் இறங்கியது. அக்டோபரில் பிஎஸ்என்எல் 449 ரூபாய்க்குக் கொடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலே 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 399 என்று விளம்பரம் பார்த்தால் கையிலிருந்து போவது 471. உள்ளூர், எஸ்டிடி பேச்சு மூன்றிலும் இந்தக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடும். திட்டங்கள் அவ்வப்போது மாறுகின்றன என்பதால் சேரும் நாளில் உள்ள விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் மாதம் ஐம்பது, நூறு ரூபாய் வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கவனிக்க வேண்டியது வேறு. இந்தத் திட்டங்களில் போனும் இன்டர்நெட்டும் ஒரே கட்டு. பணம் கட்டும் தேதி தவறினால் இன்டர்நெட்டோடு போனும் நின்றுவிடும். அம்மாவை ரீசார்ஜ் தேதி நினைவு வைத்துக்கொள்ளச் சொல்ல முடியாது. பிள்ளைகளில் ஒருவர் தன் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கட்டும்படி வைத்துவிடுவது நல்லது.

எண் நிலைக்குமா?

செல்போன் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20-லிருந்து நாடு முழுக்க இருக்கிறது. அதனால் லேண்ட்லைனுக்கும் அப்படித்தான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. 2-இல் தொடங்கும் பிஎஸ்என்எல் லேண்ட்லைன் எண்ணை ஜியோவுக்கோ ஏர்டெல்லுக்கோ எடுத்துப்போக முடியாது. அங்கே போனால் புது எண்தான்.

ஆனால் பிஎஸ்என்எல் தன்னுடைய காப்பர் வாடிக்கையாளரை அதே எண்ணோடு ஃபைபருக்கு மாற்றிக் கொடுக்கிறது. இந்த ஒரு காரணமே எங்கள் வீட்டில் பாதி முடிவைச் செய்துவிட்டது. இதற்கு விண்ணப்பம் எழுதும்போது "புது இணைப்பு" என்று எழுதிவிடக் கூடாது. இருக்கும் எண்ணை ஃபைபருக்கு மாற்ற வேண்டும் என்று தெளிவாக எழுத வேண்டும். உங்கள் எக்ஸ்சேஞ்சில் உங்கள் எண்ணுக்கு அது முடியுமா என்று முதலிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்கு முன்னால் பழைய லைனை சரண்டர் செய்துவிடாதீர்கள். சரண்டர் செய்த எண் திரும்பக் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

எண்ணைப் பற்றிக் கவலை இல்லாத வீடென்றால் கதை வேறு. புதிதாகக் குடிபோகிறவர்கள், பழைய எண்ணில் இப்போது விளம்பர அழைப்பு மட்டுமே வருகிறது என்பவர்கள், யார் ஃபைபர் அந்தத் தெருவில் நன்றாக வேலை செய்கிறது என்று பக்கத்து வீட்டில் கேட்டு அதையே போட்டுக்கொள்ளலாம். ஜியோவில் ஒரு நல்ல வசதி உண்டு: ஜியோஜாயின் என்ற செயலி மூலம் வீட்டு எண்ணுக்கு வரும் அழைப்பைச் செல்போனிலேயே எடுத்துப் பேசலாம். மாடியில் மகன், கீழே அப்பா என்று இருக்கும் வீட்டுக்கு இது உதவும். அண்ணன் அதைச் சொல்லித்தான் வாதாடினார். அம்மாவிடம் ஸ்மார்ட்போன் இல்லாததால் எங்களுக்கு அது எடுபடவில்லை.

கரண்ட் போனால்?

இங்கேதான் நான் நிறைய நேரம் செலவிட்டேன். காரணம் கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த அந்தப் புயல் எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கானது. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களிடம் காசு கொடுத்து மக்கள் செல்போனுக்கு சார்ஜ் ஏற்றினார்கள். சார்ஜ் ஏறினாலும் டவர் இல்லை.

பழைய காப்பர் லைனின் அருமை அப்படிப்பட்ட நேரத்தில்தான் தெரியும். அந்தச் செம்புக் கம்பி பேச்சை மட்டும் கொண்டுவருவதில்லை. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் மின்சாரத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. வீட்டில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பது அந்தப் போனுக்குத் தெரியவே தெரியாது. கம்பி அறுபடாமலும் எக்ஸ்சேஞ்சில் பேட்டரியோ டீசலோ தீராமலும் இருக்கும்வரை டயல் டோன் இருக்கும். (கார்ட்லெஸ் போன் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது, அதன் அடிக்கட்டைக்கு வீட்டு கரண்ட் வேண்டும்.)

ஃபைபரில் வருவது வெளிச்சம். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கொண்டுவராது. வீட்டில் இருக்கும் மோடம்தான் அந்த வெளிச்சத்தைப் பேச்சாக மாற்றி, பின்னால் இருக்கும் துளை வழியாகப் போனுக்குக் கொடுக்கிறது. மோடம் அணைந்தால் போனும் அணைந்தது. ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் மூன்றுக்கும் இது பொது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, மோடத்துக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ். ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. மோடத்தைப் பொறுத்து மூன்று, நான்கு மணி நேரம் தாங்கும். திடீரென்று போய் வரும் கரண்டுக்கு அது போதும். ஆனால் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை 9 மணிக்குப் போனால் மாலை 5 மணிக்குத்தான் வரும். அதற்கு வீட்டு இன்வெர்ட்டர்தான் சரி. நிறைய வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கும், ஆனால் அதன் லைன் ஃபேன், லைட்டுக்கு மட்டும் போயிருக்கும். மோடம் மாட்டிய பிளக்கில் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு பிளக்கை இன்வெர்ட்டரில் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. நாங்கள் இதைத்தான் செய்தோம்.

வீட்டோடு விஷயம் முடியவில்லை. வீட்டுக்கும் மறுமுனைக்கும் நடுவே கம்பத்தில் தொங்கும் பெட்டிக்கு மின்சாரம் தேவையில்லை; வெளிச்சத்தைப் பிரித்துக் கொடுக்கும் சாதாரணக் கண்ணாடிப் பிரிப்பான்தான் அதில் இருக்கும். ஆனால் மறுமுனையில் இருந்து வெளிச்சத்தை அனுப்பும் ஓஎல்டி என்ற கருவிக்குக் கட்டாயம் மின்சாரம் வேண்டும். சிறு ஊர்களில் பிஎஸ்என்எல் ஃபைபரை வீடுவரை கொண்டுவருபவர் பெரும்பாலும் உள்ளூர்க் கூட்டாளி, பல இடங்களில் நமக்குத் தெரிந்த கேபிள் டிவிக்காரரே. அந்தக் கருவி எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக்குள் இருந்தால் ஒரு நிலை, அவருடைய கடை மாடியில் இருந்தால் வேறு நிலை. "கரண்ட் போனா உங்க பக்கம் எத்தனை மணி நேரம் ஓடும்?" என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். எந்த நிறுவனமாக இருந்தாலும் இணைப்பு கொடுக்க வருபவரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

பழைய போன் கருவி

அம்மாவுக்குப் பழகிய கருவியையே மோடத்தின் போன் துளையில் மாட்டிவிடலாம். எடுத்தால் டயல் டோன் வரும், கீழே வைத்தால் முடியும். அவருக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. பட்டன் போனில் பி (பல்ஸ்), டி (டோன்) என்று ஒரு சின்ன சுவிட்ச் இருந்தால் அது டி-யில் இருக்க வேண்டும். விரல் விட்டுச் சுழற்றும் பழைய கறுப்புப் போன் யார் வீட்டிலாவது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், மணி அடிக்கும், எடுத்துப் பேசலாம், ஆனால் சுழற்றுவதைப் பல மோடம்களால் புரிந்துகொள்ள முடியாது.

இன்னொரு அறையில் எக்ஸ்டென்ஷன் இருந்தால் அதையும் வருபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குள் ஓடும் பழைய ஒயரை வெளிக் கேபிளிலிருந்து கழற்றிவிட்டு மோடத்தில் சேர்த்தால் உள்ளறைப் போனும் அடிக்கும். செல்போனுக்கு அடிக்கும்போது முன்னால் 0 போட வேண்டும் என்ற விதி 2021 ஜனவரி 15-இல் வந்தது, ஃபைபரிலும் அதேதான்.

சிம் போடும் மேசைப் போன்

லேண்ட்லைன் மாதிரியே ரிசீவர் வைத்து, உள்ளே சிம் போடும் போன்கள் கிடைக்கின்றன. இதை நான் முதலில் அலட்சியமாக நினைத்தேன், அது தவறு. உள்ளேயே பேட்டரி இருக்கிறது, பெரிய பட்டன், உரத்த மணி, ஃபைபர் வராத தெருவிலும் வேலை செய்யும். விலை குறைந்தவற்றில் பல 2ஜி மட்டும் பிடிப்பவை. ஜியோ சிம் அவற்றில் ஓடாது, ஏனென்றால் ஜியோவில் 2ஜி கிடையாது. ஜியோ சிம் போடுவதாக இருந்தால் 4ஜி வோல்ட்டி (4ஜி வழியாகவே பேசும் வசதி) உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். குறை இரண்டு: செல்போன் எண்தான் கிடைக்கும், டவர் போனால் இதுவும் போகும்.

செயலிகள்

வாட்ஸப்பில் 108-க்குப் பேச முடியாது. அக்கா மகனிடம் நான் சொன்ன முதல் பதில் அது. வெளிநாட்டில் இருக்கும் பேரன் முகம் பார்க்க அது நல்லது. நெஞ்சு வலிக்கும்போது கைக்கு வரவேண்டியது அது இல்லை. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் சிலர் இன்டர்நெட் வழியாகப் பேசும் மேஜிக்ஜாக் பெட்டியை ஊருக்கு அனுப்பி வைப்பார்கள். அதில் பெற்றோருக்கு அமெரிக்க எண் கிடைக்கும், அங்கே இருப்பவர்கள் உள்ளூர் மாதிரிப் பேசலாம். ஆனால் மன்னார்குடி மருந்துக் கடைக்காரர் அந்த எண்ணுக்கு அடிக்க மாட்டார்.

2018 ஜூலையில் பிஎஸ்என்எல் விங்ஸ் என்று ஒரு சேவை வந்தது: வருடம் 1,099 ரூபாய், பத்து இலக்க எண், எந்த இன்டர்நெட்டிலும் செயலி வழியாகப் பேச்சு. எண்ணம் நல்லது. ஆனால் ஃபைபர் நிறுவனமே தரும் போனில் பேச்சுக்குத் தனிப் பாதையும் முன்னுரிமையும் உண்டு. பக்கத்து அறையில் சினிமா ஓடினாலும் குரல் தடுமாறாது. செயலிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அப்புறம், செல்போனுக்கு ஒரு பெரிய நன்மை: 2019 டிசம்பரில் ஏர்டெலும் 2020 ஜனவரியில் ஜியோவும் கொண்டுவந்த வைஃபை காலிங். கனத்த சுவர் வைத்த பழைய வீட்டுக்குள் சிக்னல் வராவிட்டாலும் வீட்டு வைஃபை வழியாகச் செல்போன் எண்ணிலேயே பேசலாம். ஃபைபர் போட்டால் ஊருக்குப் போகும் நாங்கள் எல்லோரும் திண்ணைக்கு ஓடாமல் பேசலாம்.

எங்கள் வீட்டில் கடைசியில் இருப்பது இது: அதே 04367 எண், ஃபைபரில், மோடம் இன்வெர்ட்டர் பிளக்கில், பக்கத்தில் வேறொரு நிறுவனத்தின் சிம் போட்ட மேசைப் போன். இரண்டும் ஒரே நிறுவனமாக இருக்க வேண்டாம் என்று அண்ணன்தான் சொன்னார், சரியான யோசனை. ஒன்று போனால் மற்றது இருக்கும். சிம் போனில் 1-ஐ அழுத்திப் பிடித்தால் எனக்கும், 2-ஐ அழுத்திப் பிடித்தால் அண்ணனுக்கும் போகும்படி வைத்திருக்கிறோம். மாற்றம் முடிந்த அன்று சாயங்காலம் மருந்துக் கடைக்காரரிடமிருந்து பழைய எண்ணுக்கே அழைப்பு வந்தது. அம்மா மூன்றாவது மணியில் எடுத்தார்.