முட்டை அட்டை முதல் பொங்கல் பானை வரை: ஒரு தனியார் பள்ளியோடு ஆறு ஆண்டு

செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது நாற்பதுக்குப் பள்ளியின் செயலியில் செய்தி வந்தது. மறுநாள் அறிவியல் பாடத்துக்கு மாணவர் ஒவ்வொருவரும் இரண்டு காலி முட்டை அட்டைகள் கொண்டுவர வேண்டுமாம். பட்டர்வொர்த்தில் அந்த நேரத்துக்கு எந்த மளிகைக் கடை திறந்திருக்கும்? இரவெல்லாம் விளக்கெரியும் நாசி கண்டார் சோற்றுக் கடைக்குப் போனேன். சும்மா கேட்கக் கூச்சமாக இருந்ததால் முதலில் ஒரு தே தாரேக் வாங்கிக் குடித்தேன். பிறகு மெல்ல விஷயத்தைச் சொன்னதும் கல்லாவில் இருந்த அண்ணன் சிரித்துவிட்டார். "பள்ளிக்கூடத்துக்குத்தானே? இன்றிரவு நீங்கள் மூன்றாவது ஆள்."

தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு முதலில் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். கட்டணப் பட்டியலை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிவிடலாம்.

எங்கள் மகள் 2020 ஜனவரியில் இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாள். அடுத்த மாதம், 2025 டிசம்பரில், இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றை முடிக்கிறாள். மகன் அதே பள்ளியில் மூன்றாம் ஆண்டு. பள்ளி மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கிறது, வீடு எதிரே பெருநிலத்தில், பட்டர்வொர்த்தில். நானும் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில்தான் வேலை பார்க்கிறேன். எப்படியும் தினமும் பாலத்தைக் கடக்க வேண்டும், 5 வெள்ளி (ரிங்கிட்) 74 காசு டோல் கட்ட வேண்டும். பிள்ளைகளும் அதே காரில் வரட்டும் என்பதுதான் இந்தப் பள்ளியைத் தேர்ந்ததற்கு உண்மையான காரணம். கல்விக் கொள்கை, தொலைநோக்கு எல்லாம் பிறகு உறவினர்களிடம் சொல்வதற்காகக் கண்டுபிடித்தவை. பள்ளியின் பெயரை எழுதவில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன், பிள்ளைகளோ இன்னும் அங்கேதான் படிக்கிறார்கள்.

தனியார் பள்ளி என்றதும் பலர் அனைத்துலகப் பள்ளி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு. வெளிநாட்டுப் பாடத்திட்டத்தில் நடக்கும் அந்தப் பள்ளிகளில் மலேசிய மாணவர்கள் 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றிருந்த வரம்பு 2012இல் நீக்கப்பட்டது. அதன் பிறகு நம் பிள்ளைகளும் அங்கே போகிறார்கள். எங்களுடையது தேசியப் பாடத்திட்டத்தில் நடக்கும் பள்ளி. கடைசியில் எழுதப்போவது இடைநிலைப்பள்ளி முடிவில் வரும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம்.தான்.

மாதக் கட்டணம் ஒரு பிள்ளைக்கு 1,150 வெள்ளி. இந்த ஆண்டு ஜூலை முதல் தேதி தனியார் கல்விக் கட்டணத்துக்கு 6 விழுக்காடு சேவை வரி வந்தபோது பெற்றோரின் புலன (வாட்ஸ்அப்) குழு விடிய விடியத் தூங்கவில்லை. பள்ளியை மாற்றப்போகிறேன் என்று மூன்று பேர் அறிவித்தே விட்டார்கள். கணக்காளராக இருக்கும் ஓர் அப்பா காலையில் எழுந்து இரண்டே வரியில் முடித்துவைத்தார்: ஆண்டுக் கட்டணம் ஒரு மாணவருக்கு 60,000 வெள்ளியைத் தாண்டினால்தான் வரி, அதிலும் மலேசியக் குடிமக்களுக்கு விலக்கு. எங்கள் கட்டணம் அதில் கால்வாசிகூட இல்லை. மூவரும் சத்தமில்லாமல் தங்கள் செய்திகளை அழித்துவிட்டார்கள்.

என் கையைக் கடிப்பது மாதக் கட்டணம் இல்லை, அதற்கு வெளியே இருப்பவை. இந்த ஆண்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தேன். விளையாட்டுச் சட்டை, சுற்றுலா, கலைவிழா உடை, கூப்பன், ஆசிரியர் தினப் பூ எல்லாம் சேர்ந்து இரண்டு பிள்ளைகளுக்கும் நவம்பர் வரை 1,870 வெள்ளி. முட்டை அட்டைக்காகக் குடித்த தே தாரேக் கணக்கில் இல்லை.

சேர்ந்த புதிதில் நிகழ்ச்சிகள் இவ்வளவு இல்லை. மகள் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்துவிட்டது. நட்பு என்று அவளுக்கு வாய்த்ததெல்லாம் திரையில் சின்னச் சின்னச் சதுரங்கள். பிறகு 2021இல் ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். போனது, 2022இல் படிவம் மூன்றின் தேர்வான பி.டி.3 போனது. பிள்ளை நன்றாகப் படிக்கிறதா என்று வெளியாருக்குக் காட்ட எத்தனை 'ஏ' என்று எண்ணிக்கொண்டிருந்த பள்ளிக்கு, எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. பதாகையில் வேறு எதையாவது போட வேண்டும் அல்லவா? வாசலில் 'ஏ' பெற்றவர்களின் படங்கள் தொங்கிய இடத்தில் இப்போது ரோபோப் போட்டி, நாடகம், பசுமை வாரம். நாள்காட்டி பருத்தது அப்போதிலிருந்துதான் என்பது என் கணிப்பு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தேர்வுப் பயம் இல்லாமல் என் மகள் பன்னிரண்டு வயதைக் கடந்தது நல்லதுதான். ஆனால் ஆசிரியர்கள் களைத்துப்போயிருக்கிறார்கள் என்பது வாசலில் நின்று பார்த்தாலே தெரிகிறது.

இந்த ஆண்டு இன்னும் மோசம். மார்ச்சுக்குப் போயிருந்த கல்வியாண்டை மறுபடியும் ஜனவரிக்குக் கொண்டுவருவதற்காக, 2025ஆம் ஆண்டுத் தவணை பிப்ரவரி 17இல் தொடங்கி டிசம்பரிலேயே முடிகிறது. நிகழ்ச்சிகளில் ஒன்றைக்கூடப் பள்ளி குறைக்கவில்லை. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை எங்கள் வீட்டில் ஒரு சனிக்கிழமைகூடச் சனிக்கிழமையாக இல்லை.

மாணவர் இல்லங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மூன்று நாள் தொடர்ந்து 35 பாகைக்கு மேல் போனால் வானிலைத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடுக்கும். அதை நினைத்து, போட்டியைக் காலை ஏழு மணிக்கே தொடங்கிப் பத்தரைக்குள் முடித்தார்கள். நல்ல முடிவு. பெற்றோர் கயிறிழுத்தலில் மஞ்சள் இல்லத்துக்காக இழுத்து, இடுப்பில் ஒரு வாரம் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு திரிந்தேன்.

பள்ளிக்கு நிதி திரட்டப் பெற்றோர் உணவுக் கடை போடும் கேன்டீன் நாளைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையிடமும் 50 வெள்ளி கூப்பன் புத்தகம் இரண்டு கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு பிள்ளைகள் என்றால் 200 வெள்ளி. கட்டாயம் இல்லை என்று சுற்றறிக்கை சொன்னது. ஆனால் யார் யார் பணம் கட்டிவிட்டார்கள் என்று வகுப்பில் வெண்பலகையில் பெயர் எழுதினார்கள். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதைவிடக் கட்டாயம் வேறு என்ன வேண்டும்? என் மாமியாரும் பக்கத்து வீட்டாரும் முகத்துக்காக வாங்கினார்கள். ஒருவரும் பாலம் கடந்து வரவில்லை. நாங்களே 200 வெள்ளிக்குச் சாப்பிட்டோம். மகன் செண்டோல் மட்டும் ஐந்து கிண்ணம்.

அன்று என் மனைவி மசால் வடைக் கடை போட்டிருந்தார். ஒரு பக்கம் கறிபாப் விற்ற மலாய்க்கார அம்மா, மறுபக்கம் வேர்க்கடலை தூவி மடிக்கும் அப்பம் பாலிக் சுட்ட சீன அப்பா. பதினோரு மணிக்கே எங்கள் வடை தீர்ந்துவிட்டது. மாவு தீர்ந்ததும் மனைவி அப்பம் பாலிக் கடைக்குப் போய் வேர்க்கடலை இடித்துக் கொடுத்தார். அந்தச் சீன அப்பாவும் நானும் ஐந்தாண்டாக ஒரே வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நின்றவர்கள். அன்றுவரை தலையசைத்ததோடு சரி. இப்போது எனக்கு இரவு நேர வேலை வந்தால் என் பிள்ளைகள் அவர் வீட்டில் வீட்டுப்பாடம் செய்கிறார்கள். ஆகவே கூப்பனைத் திட்டும்போதெல்லாம் என் குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது.

வசூலான பணம் மண்டபத்துக்குக் குளிர்சாதன வசதி செய்ய என்றார்கள். மூன்று ஆண்டாக அதற்காகத்தான் வசூல், மண்டபம் இன்னும் வேகிறது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நாற்பது பேர்தான் இருந்தோம். கணக்கைக் கேட்டோம். இரண்டு வாரத்தில் ஒரு பக்கக் கணக்கு வந்தது. பணம் பத்திரமாகவே இருக்கிறது, மின் இணைப்பின் திறனைக் கூட்ட வேண்டியிருப்பதால்தான் தாமதமாம். இதை முதல் ஆண்டே எழுதியிருந்தால் யாரும் எதுவும் பேசியிருக்க மாட்டார்கள்.

தகவல் சொல்லும் விஷயத்தில் பள்ளிக்கு மதிப்பெண் போடச் சொன்னால் தயங்குவேன். ஆறு ஆண்டில் மூன்று செயலிகள் மாறிவிட்டன. ஒவ்வொரு முறையும் கடவுச்சொல், புகைப்படம், பிறப்புப் பத்திரம் என்று முதலிலிருந்து. நடந்து முடிந்த நிகழ்ச்சிக்கு நாற்பது படங்கள் உடனே வந்துவிடுகின்றன. நடக்கப்போவதற்குத்தான் முந்தின இரவு செய்தி வருகிறது.

செப்டம்பரில் மகனின் வகுப்பைப் படகில் அழைத்துப்போனார்கள். கார்கள் ஏறும் பழைய இரண்டடுக்குப் படகுகள் 2020 முடிவோடு நின்றுவிட்டன. 2023 ஆகஸ்டில் வந்த புதிய படகுகளில் ஆள்களும் மோட்டார் சைக்கிள்களும் போகலாம், கார்கள் ஏற முடியாது. நாற்பது பிள்ளைகள் ஜார்ஜ்டவுன் துறையில் ஏறி, கடலைப் பார்த்து ஆரவாரம் செய்து, பட்டர்வொர்த்தில் இறங்கி, 'பெருநிலத்தை' வியந்து பார்த்து, அடுத்த படகில் திரும்பினார்கள். என் மகன் வீட்டுக்கு வந்து சொன்னான்: "அப்பா, என்னை நம் வீட்டுப் பக்கம் சுற்றுலா அழைத்து வந்தார்கள்." அதற்கும் 35 வெள்ளி.

இந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. அதற்கு முந்தின வெள்ளியன்று பள்ளியில் கொண்டாட்டம். முன்பெல்லாம் ஒரு திரைப்பாட்டுக்கு ஆட்டம், தலைமையாசிரியர் குத்துவிளக்கோடு படம், அவ்வளவுதான். இந்த முறை வண்ண அரிசிக் கோலப் போட்டியைச் சேர்த்தார்கள். வென்றது, இரண்டு மலாய்ப் பிள்ளைகளும் ஒரு சீனப் பையனும் இருந்த குழு. என் மகளுடைய குழுவுக்கு மூன்றாம் இடம். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். "மயிலின் கழுத்து நிறத்தை அவர்கள் சரியாகக் கலந்தார்கள்" என்று மூன்றாம் நாள் தானாகவே ஒப்புக்கொண்டாள்.

இனி, தமிழ் வகுப்பு. தமிழ்ப் பிள்ளைகளை இத்தகைய பள்ளியில் சேர்க்க நினைப்பவர்கள் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, தேசியப் பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். இந்த விதியைத் தூக்கிக்கொண்டு 2022இல் நானும் வேறு இரண்டு குடும்பத்தாரும் அலுவலகத்துக்குப் போனோம். அது தனியார் பள்ளிக்குப் பொருந்தாது என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். தவிர, எங்களிடம் பெயர் கொடுத்த பிள்ளைகள் பதினொருவர்தான். தமிழ்க் குடும்பங்கள் அதைவிட அதிகம் உண்டு. சிலருக்குத் தமிழ் வேண்டியிருக்கவில்லை. சிலர் சீன மொழி வகுப்பில் இடம் பிடித்திருந்தார்கள். யாரையும் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. மகளைத் தமிழ்ப்பள்ளியில் சேர்க்காமல் வசதி பார்த்துத் தீவுக்குக் கூட்டிப்போனவன் நான்.

வழி காட்டியவர், தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்ற ஓர் ஐயா. பள்ளிக்கு அவரே கடிதம் எழுதினார். இந்த நாட்டில் முதல் தமிழ் வகுப்பு 1816இல் இதே தீவில், பினாங்கு பிரீ ஸ்கூலில்தான் தொடங்கியது, இப்போது நாங்கள் கேட்பது ஓர் அறையும் மின்விசிறியும் மட்டுமே என்று முடித்திருந்தார். அறை கிடைத்தது. சனிக்கிழமை காலை எட்டரை முதல் பத்தரை வரை. மாதம் 60 வெள்ளியைப் பெற்றோரே பகிர்ந்து கொடுக்கிறோம். பதினொருவராகத் தொடங்கியது இப்போது பத்தொன்பது. மகள் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எழுதுவாள் என்பது வீட்டில் முடிவான விஷயம். அவளும் ஒத்துக்கொண்டுவிட்டாள், இலக்கியம் மட்டும் வேண்டாம் என்ற நிபந்தனையோடு.

இந்த வகுப்பு இல்லாதிருந்தால் மகளைப் படிவம் இரண்டுக்கு வேறு பள்ளிக்கு மாற்றியிருப்போம். அடுத்த ஆண்டுக்கான இடத்தை உறுதிசெய்யும் பணத்தை நவம்பர் 30க்குள் கட்டச் சொன்னார்கள். போன வாரம் இருவருக்கும் கட்டிவிட்டேன். ஆங்கிலமும் அறிவியலும் திருப்தி. மலாய் மொழிக்கு வெளியே டியூஷன் வைத்திருக்கிறோம். அடிக்கடி ஆசிரியர் மாறுவது உறுத்துகிறது. மகளுக்கு ஒரே ஆண்டில் மூன்று கணித ஆசிரியர்கள். வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல தமிழ்ப்பள்ளியும் அதன் பிறகு கவனமான இடைநிலைப்பள்ளியும் இருப்பவர்கள் என்னைப் பார்த்துப் பாலம் கடக்க வேண்டியதில்லை.

வரப்போகிறவை: டிசம்பரில் ஆண்டிறுதிக் கலைவிழா. மகனுக்கு மரம் வேடம், பச்சைத் துணி நான் தேட வேண்டும். ஜனவரி 12இல் புதிய தவணை. தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிறு. தண்ணீர்மலைக் கோயில் பக்கம் ஜாலான் கெபுன் பூங்கா என்ற சாலைக்குப் போகும் ரத ஊர்வலப் பாதையில் பெற்றோர் சிலர் சேர்ந்து இரண்டாம் ஆண்டாகத் தண்ணீர்ப் பந்தலில் பங்கெடுக்கிறோம். அப்பம் பாலிக் அப்பா ரதத்துக்கு உடைக்கத் தேங்காய் வாங்குவதாகச் சொல்லிவிட்டார். போன ஆண்டு நூற்றெட்டு உடைத்தவர்.

அதற்கு முன் பொங்கல். பள்ளி திறக்கும் அதே வாரத்தில் வருகிறது, நாள்காட்டியில் இல்லை. தமிழ் வகுப்பின் சார்பில் அந்தச் சனிக்கிழமை பானை வைக்க அனுமதி கேட்டோம். திறந்த நெருப்பு கூடாது என்றது அலுவலகம். எரிவாயு அடுப்பு என்றோம், ஐயா முகம் சுளித்தார். மூன்று மின்னஞ்சலுக்குப் பிறகு, கார் நிறுத்துமிடத்தின் மூலையில், மூன்று செங்கல், விறகு, ஒரே பானை, தீயணைப்புக் கருவியோடு ஒரு காவலர் என்று அனுமதி வந்தது. காவலர் நேபாளத்துக்காரர். ஆறு ஆண்டாக என் காருக்குக் கை காட்டுபவர். விஷயத்தைச் சொன்னதும், அதே நாள்களில் தங்கள் ஊரில் மாகே சங்கராந்தி என்றார். நெய்யும் வெல்லப்பாகும் எள்ளுருண்டையும் உண்டாம். பாதியில் நிறுத்தி, "வெல்லம் இங்கே எந்தக் கடையில் கிடைக்கிறது?" என்று கேட்டார். கடையைச் சொல்லவில்லை. அவருக்கும் சேர்த்து இரண்டு கிலோ வாங்குவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.