பாளையங்கோட்டையில் ஒரு தோள்பட்டை வைத்தியம்

டொராண்டோவில் உரிமம் பெற்ற மசாஜ் தெரபிஸ்டிடம் போனால் ஒரு மணி நேரத்துக்கு 100 டாலருக்கு மேல் ஆகிறது, அதன் தலையில் 13 சதவீத வரி வேறு. கம்பெனி இன்சூரன்ஸ் ஜனவரியில் தரும் தொகை பங்குனிக்குள் காலி. அதனால்தான் நம் ஆட்கள் பலரும் "ஊருக்குப் போய் எண்ணெய் போட்டுப் பிடிச்சுக்கலாம்" என்று வலியைச் சேர்த்து வைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறோம். என் இடது தோளும் அப்படித்தான் திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தது. கை காதுக்கு மேல் போகாது. சட்டை மாட்டினால் உயிர் போய்விடும். டொராண்டோ டாக்டர் சொன்ன பெயர் ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள் மூட்டு இறுகிப்போவது.

ஊரில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். "சலூன்ல கழுத்துக்கு ஒரு நெட்டி எடுத்தா சரியாப் போவும்ல" என்றார் சித்தப்பா. அதற்கு மட்டும் யாரும் போய்விடாதீர்கள். கழுத்தைச் சட்டென்று திருகும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். மச்சினன் ஊருக்கு வெளியே தோட்டத்துக்குள் இருக்கும் ஓர் ஆயுர்வேத மையத்துக்குக் கூட்டிப் போனான். முகப்பில் இருந்த பெண் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை நாள் லீவு சார்?" வலி எங்கே என்று கேட்பதற்குள் பேக்கேஜ் அட்டை கைக்கு வந்துவிட்டது. சர்க்கரை உண்டா, எக்ஸ்ரே எடுத்தீர்களா என்ற பேச்சே இல்லை. மூலிகைத் தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

கடைசியில் போனது பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. 1964-ல் தொடங்கிய கல்லூரி அது. புற நோயாளிச் சீட்டுக்கு வரிசை, அப்புறம் டாக்டருக்கு வரிசை. பொறுமை இல்லாதவர்களுக்கு ஆகாது. ஆனால் என்னைப் பார்த்த இளம் டாக்டரம்மா தோளில் கை வைப்பதற்கு முன் கேட்டவற்றைச் சொல்ல வேண்டும்: விழுந்தீர்களா, ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடிகிறதா, சர்க்கரை எவ்வளவு, ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா? சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தத் தோள் இறுக்கம் அதிகம் வரும் என்பதால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். கையைத் தானாகத் தூக்கச் சொல்லி ஒரு தடவை, அவரே தூக்கி ஒரு தடவை பார்த்தார். சீட்டில் 'கும்பவாதம்' என்று எழுதினார், ஃப்ரோசன் ஷோல்டருக்குச் சித்த மருத்துவப் பெயர்.

சித்த மருத்துவத்தில் புற மருத்துவ முறைகள் 32 உண்டு. உடம்பு பிடிக்கும் தொக்கணம் அதில் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று அதற்குள்ளேயே ஒன்பது வகை. எனக்கு ஆரம்பத்தில் உளுந்து தைலத்தை வெதுவெதுப்பாகப் போட்டு, தோளைச் சுற்றி மெதுவாகப் பிடித்துவிட்டதோடு சரி. நொச்சி இலை ஒற்றடமும் கொடுத்தார்கள். "வலிச்சா உடனே சொல்லணும் தம்பி, பல்லைக் கடிச்சிட்டு இருக்கக் கூடாது" என்றார் பிடித்துவிட்ட பெரியவர். போகப் போகத்தான் அழுத்தம் கூடியது. ஏ.சி., புல்லாங்குழல் இசையெல்லாம் கிடையாது. துண்டும் பழைய வேட்டியும் நாமே கொண்டுபோக வேண்டும், எண்ணெய்க் கறை போகவே போகாது.

பிடித்துவிட்ட கொஞ்ச நேரத்துக்குத் தோள் இளகியிருக்கும். அந்த நேரத்தைப் பயன்படுத்தத்தான் வீட்டுக்கு ஒரு பிசியோதெரபிஸ்டை வரச் சொன்னேன். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, சுவரில் விரல்களால் மேலே ஏறுவது, கதவுக்கு மேல் கயிறு போட்டு நல்ல கையால் மற்ற கையை இழுப்பது. இவ்வளவுதான். கை எவ்வளவு உயர்கிறது என்று கோணமானி வைத்து அளந்து எழுதிக்கொண்டார். என் அனுபவத்தில் எண்ணெய் வலியைக் குறைத்தது, கையை மேலே கொண்டுபோனது இந்தப் பயிற்சி. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் செய்திருந்தால் காசுக்கும் நேரத்துக்கும் நஷ்டம். இந்த நோய் முழுசாக இளக ஒன்றிலிருந்து மூன்று வருஷம்கூட ஆகலாம் என்பதால், 'ஏழே நாளில் குணம்' என்று போர்டு வைத்திருப்பவரிடமிருந்து தள்ளியே இருங்கள்.

எங்கள் அத்தைக்குப் பக்கவாதம் வந்து வலது கை துவண்டிருந்தது. அவருக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம். வந்த பெண் முதலில் கண்டித்தது, அத்தையின் கையைப் பிடித்து இழுத்து எழுப்பிக்கொண்டிருந்த எங்களைத்தான். துவண்ட தோள் மூட்டு அப்படி இழுத்தால் நழுவிவிடுமாம். டொராண்டோவில் இதைச் சொல்லித்தர ஒரு ஆளை வீட்டுக்கு வரவழைக்க எத்தனை ஃபோன் போட வேண்டியிருக்கும்!

விமானத்தில் வருகிறவர்களுக்கு ஒன்று. இறங்கியதும் ஒரு கால் மட்டும் ஆடுதசையில் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அதைப் பிடித்துவிடச் சொல்லாதீர்கள். நீண்ட நேரம் உட்கார்ந்து வந்ததில் ரத்தம் உறைந்திருக்கலாம். அழுத்தினால் அது கிளம்பி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுங்கள்.

மற்றபடி, வைத்தியத்தை லீவின் கடைசிக்குத் தள்ளாதீர்கள். கல்யாணம், குலதெய்வம், சொந்தக்காரர் வீடு எல்லாம் முடித்துவிட்டுப் போனால் எண்ணெய் ஊறுவதற்குள் விமானம் கிளம்பிவிடும். மிச்சத் தைலத்தைக் கைப்பையில் வைக்க வேண்டாம், 100 மில்லிக்கு மேல் இருந்தால் விமான நிலையத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பெரிய பெட்டியில், இரண்டு பிளாஸ்டிக் பை சுற்றி, புதுப் புடவைகளுக்குத் தூரமாக.