ஆப்பிள் டூவுக்குக் கடிகாரம்: ஸ்லாட்டிலா, ரோமுக்கு அடியிலா?

ஆப்பிள் டூ என்ற பழைய கணினிக்கு 1983-இல் வந்த இயக்க முறைமையான புரோடாஸ், ஒவ்வொரு கோப்புக்கும் தேதியையும் நேரத்தையும் பதிந்து வைக்க வல்லது; ஆனால் கடிகாரம் இல்லாத ஆப்பிள் டூவில் அந்த இடம் வெறுமையாகவே கிடக்கும். அதை நிரப்புவதற்குப் பேட்டரியில் ஓடும் கடிகாரம் ஒன்றைச் சேர்க்க விரும்புவோர், அது எவ்வளவு துல்லியமானது என்பதற்கு முன், அதைப் படிக்கப் புரோடாஸுக்குத் தெரியுமா என்பதையே பார்க்க வேண்டும்.

அவ்வகையில் முந்துவது கணினிக்குள் உள்ள விரிவாக்கச் செருகிடமான ஸ்லாட்டில் செருகும் தண்டர்கிளாக் கார்டு. அதைப் படிக்கும் நிரலான டிரைவர் புரோடாஸிலேயே இருப்பதால், எந்தப் புரோடாஸ் வட்டிலிருந்து தொடங்கினாலும் நேரம் தானாக வந்துவிடும். ஆனால் அதன் சிப்புக்கு மாதம், தேதி, கிழமை தெரியுமே தவிர ஆண்டு தெரியாது. இன்ன தேதி இன்ன கிழமையில் வந்தால் இன்ன ஆண்டு என்று ஒரு சிறு அட்டவணையைக் கொண்டு புரோடாஸ்தான் கணிக்கிறது. ஐந்தாறு ஆண்டுகளில் அட்டவணை காலாவதியாகிவிடும், பிறகு அதைத் திருத்தியாக வேண்டும்.

ஸ்லாட்டே இல்லாத ஆப்பிள் டூசி மாடலுக்கு நோ-ஸ்லாட் கிளாக் ஒரு வழி. டல்லாஸ் நிறுவனத்தின் டிஎஸ்1216 என்ற இந்தச் சாக்கெட், ரோம் என்ற வாசிப்புக்கு மட்டுமான நினைவகச் சிப்புக்கும் கணினியின் போர்டுக்கும் இடையே அமர்ந்துகொள்கிறது. ரோமில் எதையும் எழுத முடியாதே, பிறகு கடிகாரத்தோடு பேசுவது எப்படி? குறிப்பிட்ட 64 பிட் வரிசையை, எந்த இடத்தைப் படிப்பது என்று சொல்லும் முகவரிக் கம்பிகள் வழியாக, வெறும் வாசிப்புகளாகவே அனுப்பினால், ரோம் சற்று ஒதுங்கிக்கொள்ள, அடுத்த 64 வாசிப்புகளில் ஆண்டு உட்பட நேரம் முழுவதும் வந்துசேரும். மிக அழகான தந்திரம் இது. ஆனால் இதற்கான டிரைவரைத் தொடக்க வட்டு ஒவ்வொன்றிலும் நாமே சேர்க்க வேண்டும். மேலும், லித்தியம் பேட்டரி உள்ளேயே மூடி வார்க்கப்பட்டிருப்பதால், பத்தாண்டு ஆயுள் முடிந்தபின் மேலுறையைக் குடைந்து வேறு பேட்டரியை இணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. பழைய சரக்கை வாங்குவோர் இதை மறக்கக் கூடாது.

இன்று எளிதில் கிடைக்கும் டிஎஸ்3231 என்ற கடிகாரச் சிப் ஆண்டுக்கு ஒரு நிமிடமளவே பிசகும் என்றாலும், இணைப்பையும் டிரைவரையும் நாமே உருவாக்க வேண்டியிருப்பதால், அதைச் சோதனை ஆர்வலர்களுக்கே விட்டுவிடலாம்.

ஸ்லாட் காலியாக இருந்து, வட்டுகளை அடிக்கடி மாற்றுபவர் கார்டையே வாங்கலாம். ஒரே வட்டிலிருந்து தொடங்குபவருக்கு நோ-ஸ்லாட் கிளாக் போதும். ஆனால் பேட்டரியை மாற்றக்கூடிய மறுதயாரிப்பாகத் தேடி வாங்க வேண்டும்.