ஒரு காலபோகம் முழுக்க வயல் காவல்ல கேட்ட நாலு ஆல்பம்

நாலே நாலு ஆல்பம்தான். போன ஐப்பசியில காலபோகத்துக்கு, அதுதான் மாரி மழையோட செய்யிற நெல்லுப் போகத்துக்கு, விதைப்பு முடிஞ்ச கையோட போன்ல ஏத்தினது, இண்டைக்கு வரைக்கும் அதுதான் ஓடுது. இடையில வேற என்னென்னவோ இறக்கி கேட்டு அழிச்சாச்சு, இந்த நாலையும் அழிக்க மனம் வரேல்ல. ஒரு கிழமை கேட்டிட்டு எழுதிறது வேற, ஒரு போகம் முழுக்கக் கேட்டிட்டு எழுதிறது வேற, அதாலதான் இவ்வளவு நாளும் பொறுத்திருந்தனான்.

முதல்ல கேக்கிற இடத்தைச் சொல்லோணும். எங்கட வயல் வன்னியில, முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கம், காட்டோட ஒட்டினாப்போல. கதிர் தள்ள வெளிக்கிட்டா யானை வரும், பண்டி எண்டா எப்பவும் வரும், அதால மார்கழி தை முழுக்க இரவுக் காவல். சித்தப்பாவும் நானும் ஒரு கொட்டில், யானை வெடி, ரோச் லைற், ஒரு பிளாஸ்க் பிளேன்ரீ. சிக்னல் ஒரு கோடு வரும் பேந்து அதுவும் போயிடும், ஸ்ட்ரீமிங் சரிவராது, எல்லாம் வீட்டில இருந்து இறக்கி மெமரி கார்ட்ல ஏத்தினது. சத்தமும் கூட்டேலாது, யானை கொப்பு முறிக்கிற சத்தம் காதில விழோணும். அதால இஞ்ச நான் சொல்லப்போற எல்லாமே மெல்லிய சத்தத்தில, தவளைக் கத்தலோட சேர்த்துக் கேட்டது, அதை மனசில வைச்சுக்கொண்டு வாசியுங்கோ.

முதலாவது இளையராஜாவின்ர ஹவ் டு நேம் இட், 1986ல வந்தது. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் (Bach) எண்டவருக்கும் எண்டு சமர்ப்பணம் செய்தது, பத்து டிராக், வயலின் வி.எஸ்.நரசிம்மன். இதை நான் முதன்முதல் கேட்டது 90கள்ல, சின்னப் பெடியனா. அப்ப வன்னிக்கு கரண்டும் இல்ல, பற்றறியும் தடை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒராள் பெடலைச் சுத்த, டைனமோவில இருந்து வயர் இழுத்து கசற் பிளேயருக்குக் குடுத்துத்தான் பாட்டு. சுத்திற அண்ணைக்குக் கை உளைஞ்சா வயலின் அப்பிடியே இழுபட்டுக் கீழ இறங்கும், பேந்து அவர் வேகமாச் சுத்த மேல ஏறி வரும். அந்த ஏற்ற இறக்கத்தோடதான் எனக்கு அந்த மெட்டு மனசில பதிஞ்சது. கனகாலத்துக்குப் பிறகு ஒழுங்கான பிரதியில கேட்டபோது, இழுபட வேண்டிய இடத்தில வயலின் நேராப் போனதைக் கேட்டு திடுக்கிட்டுப் போனன், உண்மையா ஒரு நிமிசம் வேற ஆரோ வாசிக்கினம் எண்டுதான் நினைச்சன்.

இந்த முறை அதை முழுசா, வரிசை மாறாமக் கேட்டன். ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ் எண்டு ஒரு டிராக், அதுக்கு அடுத்த டிராக்கின்ர பேர் அண்ட் வி ஹாட் எ டோக். ரெண்டு பேரையும் சேர்த்து வாசிச்சாத்தான் வசனமே முடியுது. ஷஃபிள்ல போட்டா பாக் வீட்டுக்கு வந்ததோட நிண்டிடும், கதை நடக்காது. முதல் டிராக்ல பாக் தனி வயலினுக்கு எழுதின மூன்றாம் பார்ட்டிட்டா எண்ட தொகுப்பின்ர பிரெலூட், அதாவது முதல் துண்டு, அப்பிடியே ஓட, அதுக்கு மேல எங்கட பக்கத்து வயலின் கமகத்தோட வந்து ஏறும், ரெண்டும் ஒண்டையொண்டு தள்ளாது. பத்திருபது தரம் கேட்டாப் பிறகுதான் கீழ ஓடுறதைத் தனியாப் பிடிக்கக் காது பழகினது. பகல்ல லான்ட்மாஸ்டர் உழவு மெசின் சத்தத்துக்குள்ள இதைப் போட்டுப் பிரயோசனமில்ல, இரவுதான் இதுக்குச் சரி.

ரெண்டாவது எ மீட்டிங் பை த ரிவர், 1993. விஸ்வ மோகன் பட்டின்ர மோகன வீணையும் (கிற்றாரை மாத்திச் செய்த வாத்தியம்) அமெரிக்கக் கலைஞர் ரை கூடரின்ர ஸ்லைட் கிற்றாரும். ரெண்டு பேரும் சந்திச்சு ஒரு மணித்தியாலம் கூட ஆகாமலே ரெக்கோர்டிங்கைத் தொடங்கிட்டினம், ஒத்திகை எண்டு ஒண்டுமில்ல, கிராமி விருதும் கிடைச்சது. நாலே துண்டுதான். விடியப்புறம் மூண்டு நாலு மணிக்கு, பனி இறங்கி நித்திரை கண்ணைச் செருகிற நேரம், எனக்கு இதுதான் வேணும். ஒராள் ஒண்டு சொல்ல மற்றாள் பொறுத்திருந்து மறுமொழி சொல்லுறார், வயசுபோன ரெண்டு பேர் குளக்கட்டில இருந்து கதைக்கிறமாதிரி. தபேலாவும் இருக்குது, ஆனா அவசரப்படுத்தாது.

மூண்டாவது மாயாவின்ர காலா, 2007. எம்.ஐ.ஏ. எண்ட பேரில பாடுற லண்டன் ஈழத்தமிழ்ப் பிள்ளைதான் மாயா. தாயின்ர பேரை வைச்ச ஆல்பம், அதுக்கு முதல் வந்த அருளர் தகப்பன்ர பேர். இது மருமகன் ஏத்தித் தந்தது. பேர்ட் ஃப்ளூ எண்ட பாட்டில உறுமி அடிக்கேக்க நல்லாத்தான் இருக்குது. மிச்சம் பாதி எனக்கு இன்னும் பிடிபடேல்ல, மெல்லிய சத்தத்தில கேக்கிற ஆல்பமில்ல இது. பகல்ல, நெல்லுச் சூடு அடிக்கிற நாள்ல பெடியள் போட்டாங்கள், அப்ப சரியா இருந்தது.

கடைசி ஆல்பம்தான் நான் உண்மையா எழுத நினைச்சது. திருவாசகம், இளையராஜா 2005ல புடாபெஸ்ட் சிம்பொனி ஓர்கெஸ்ட்ராவோட செய்தது. ஆறு பாட்டு, அதில பொல்லா வினையேன் மட்டும் கிட்டத்தட்ட இருவது நிமிசம். இதைப் பற்றி இந்தியாவில இருந்து எழுதின ஆக்கள் எல்லாரும் அஞ்சாவதா வாற முத்துநற்றாமம் பாட்டை, திருவாசகத்தில திருப்பொற்சுண்ணம் எண்ட பகுதியை, கொண்டாட்டமா, துள்ளலா இருக்குது எண்டுதான் எழுதுகினம். அது பிழையில்ல, மாணிக்கவாசகர் பாடினதும் இறைவன் நீராட வாசனைப் பொடியான பொற்சுண்ணம் இடிக்கிற பெண்டுகளின்ர சந்தோசத்தைத்தான். ஆனா எங்கட பக்கம் திருப்பொற்சுண்ணம் பாடுறது செத்தவீட்டில. பிரேதம் முற்றத்தில கிடக்க, உரலும் உலக்கையுமா சுண்ணம் இடிக்கேக்க ஒராள் படிப்பார், ஒவ்வொரு பாட்டும் பொற்சுண்ணம் இடித்து நாமே எண்டு முடிய உலக்கை விழும், பின்னால பெண்டுகள் குழறும். பிறந்ததில இருந்து அந்த வரி எங்களுக்கு அப்பிடித்தான் காதில விழுந்திருக்குது.

முதல்தரம் வீட்டில ஸ்பீக்கர்ல ஓட, அம்மா குசினிக்குள்ள இருந்து வந்து "உதை நிப்பாட்டு தம்பி, வீட்டுக்குள்ள போடாத" எண்டா. நல்ல பாட்டு எண்டு விளங்கப்படுத்தப் பாத்தன். "நல்லாத்தான் இருக்குது, ஆனா இடிக்கேக்க இப்பிடி ஓடக் கூடாது" எண்டு சொல்லிப்போட்டுப் போட்டா. அவ எத்தினை முற்றத்தில நிண்டு அதைக் கேட்டிருப்பா எண்டு எனக்குத் தெரியும், 2009க்குப் பிறகு வன்னியில ஆருக்கும் அதைச் சொல்லத் தேவையில்ல. சுண்ணம் இடிக்க நேரமில்லாமப் போன ஆக்களும் எங்கட குடும்பத்தில இருக்கினம். அதால ஆல்பத்தை முழுசாக் கேக்கோணும் எண்டு நிக்கிற நான், வீட்டில மட்டும் நாலாவதில இருந்து ஆறாவதுக்குப் பாய்ஞ்சிடுவன். இவ்வளவு மாசமாகியும் அதில மாற்றமில்ல.

கொட்டில்ல முழுசா ஓடும். அங்க எனக்கு அந்தப் பாட்டு ரெண்டாவும் கேக்குது, துள்ளலும் இருக்குது உலக்கையும் இருக்குது, ஒண்டு மற்றதை அழிக்கேல்ல.

சாமான்களைப் பற்றி ரெண்டு வசனம். 320 கேபிபிஎஸ்ல எம்பி3 ஒரு மணித்தியாலத்துக்கு 144 எம்பி அளவில வரும், ஃப்ளாக் எண்ட தரம் குறையாத ஃபைல் அதைப்போல ரெண்டு மடங்குக்கும் மேல போகும். புளூரூத் எப்பிடியும் திருப்பி அமுக்கித்தான் அனுப்பும், அதால வயல்ல எனக்கு வித்தியாசம் தெரியேல்ல, வயர் இயர்போன்ல ஹவ் டு நேம் இட் கேக்கேக்க மட்டும் தெரிஞ்சது. சின்ன ஸ்பீக்கர் ஒண்டு வாங்கினனான், எட்டு மாசம் நல்லா வேலை செய்தது, பிறகு பனி ஈரத்தில சார்ச் குத்திற இடம் துருப்பிடிச்சிட்டுது. வயலுக்குக் கொண்டு போறாக்கள் அந்த றப்பர் மூடியை ஒழுங்கா மூடுங்கோ.

திருவாசகத்தின்ர கடைசிப் பாட்டு புற்றில்வாள் அரவும் அஞ்சேன், அச்சப்பத்து. ஒருநாள் தையில, அது முடிஞ்சு ஸ்பீக்கர் நிண்டிட்டுது, நான் அடுத்ததைப் போடப் போனை எடுக்க சித்தப்பா கையைப் பிடிச்சார். கிழக்கால காட்டுக்குள்ள கொப்பு முறியிது. ரோச்சை அடிக்காம ரெண்டு பேரும் இருந்தம். சித்தப்பா கோயில்ல படிக்கிறவர், பதிகம் முழுக்கப் பாடம். ஒரு கையில வெடியை வைச்சுக்கொண்டு, ஆல்பம் விட்ட இடத்தில இருந்து அவர் வாய்க்குள்ளேயே மெல்லமாச் சொல்லிக்கொண்டு போனார், தறிசெறி களிறும் அஞ்சேன் எண்ட இடம் வரேக்க சத்தம் வாய்க்கால் பக்கம் திரும்பி எட்டப் போயிட்டுது.