தாராவிப் பெண்களுக்குக் குலுக்கல் சீட்டா, ஏலச் சீட்டா?

மாதாமாதம் ஆளுக்கு ஒரு தொகை போட்டு, முறைவைத்து ஒருவர் எடுக்கும் சீட்டை மும்பையில் பிஷி என்பார்கள். தாராவி 90 அடி சாலைப் பக்கம் நம் பெண்களுக்கு அது சீட்டுதான். 12 பேர், ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

குலுக்கலில் முழு 24,000 கைக்கு வரும், தள்ளுபடி கிடையாது. எவர்சில்வர் டம்ளரில் பேர் எழுதிய துண்டுகளைப் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். அம்மாக்கள் காலத்து முறை இது. ஜூனில் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியவளுக்கு, சீட்டு விழுந்தவள் தன் முறையை விட்டுக்கொடுப்பாள். மாதம் ஒருமுறை எல்லோரும் ஒரே வாசலில் உட்கார்ந்தால்தான் அது நடக்கும். மகள்கள் ஜிபேயில் அனுப்பிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். யாருக்கு என்ன நெருக்கடி என்றே தெரிவதில்லை.

ஏலத்தில் அதிகம் தள்ளிக் கேட்பவளுக்குச் சீட்டு; அவசரக்காரி 3,600 தள்ளி எடுத்தால் அவளுக்கு 20,400. அந்தத் தள்ளுபடி ஆளுக்கு 300 ஆகப் பிரியும்; அந்த மாதம் 1,700 கட்டினால் போதும். கடைசியில் எடுப்பவளுக்கு லாபம், கடன்பட்டவளுக்கு நஷ்டம். அக்கம்பக்கத்துக்குள் ஏலம் வேண்டாம் என்பேன்.

இரண்டுமே கெடுவது ஒரே இடத்தில்: முதலில் எடுத்தவள் வீடு மாறிப் போய்விடுவாள். புதிதாகக் குடிவந்தவருக்குக் கடைசி 3 முறைகளில் ஒன்றைக் கொடுங்கள். கணக்கு நோட்டு இருவரிடம் இருக்கட்டும், மாதாமாதம் கையெழுத்தோடு.