எஸ்எம்பிஎஸ் டெஸ்டர்: ‘கெட்டது’ என்றால் நம்பலாம், ‘நல்லது’ என்றால்?

கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் பச்சை வயரையும் கருப்பு வயரையும் ஒரு ஜெம் கிளிப்பால் கோத்துப் பார்க்கும் வழக்கம் கொங்குப் பக்கத்து சர்வீஸ் மேஜைகளில் இன்னும் இருக்கிறது. ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் நல்லது, சுற்றாவிட்டால் போச்சு. அதோடு தீர்ப்பு முடிந்தது. அந்த கிளிப்பின் இடத்துக்குத்தான் இந்தக் கையடக்க டெஸ்டர் வந்திருக்கிறது: தீப்பெட்டிக் கட்டு அளவில் ஓர் உடம்பு, சின்ன எல்சிடி திரை, 24 பின் சாக்கெட், 4, 6, 8 பின் சாக்கெட்டுகள், டிஸ்க்குகளுக்குக் கரண்ட் போகும் சாட்டா, மோலெக்ஸ் பிளக்குகளுக்கான வாய்கள். கோவை காந்திபுரம் பக்கத்துக் கடைகளிலும் ஆன்லைனிலும் ஆயிரம் ரூபாய்க்கு முன்பின்னாகக் கிடைக்கிறது. மேலே ஒட்டியிருக்கும் பெயர் மாறினாலும் உள்ளே இருக்கும் சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் இங்கே எந்த ஒரு பிராண்டையும் அல்ல, இந்த வகைக் கருவியையே எடைபோடுகிறோம்.

முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த டெஸ்டர் ‘கெட்டது’ என்று சொன்னால் கிட்டத்தட்ட எப்போதும் நம்பலாம். ‘நல்லது’ என்று சொன்னால் பாதிதான் நம்பலாம். அந்த மீதிப் பாதி தெரியாமல்தான் நல்ல மதர்போர்டுகளை ‘போர்டு போச்சு’ என்று கழற்றி ஓரம் போடுகிறார்கள்.

டெஸ்டரைக் கையில் எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. “பொட்டி ஆனே ஆகலைங்க” என்று வரும் போனில் இரண்டு வேறு கோளாறுகள் ஒரே பெயரில் வரும். ஒன்று, ஃபேன், விளக்கு எதுவுமே அசையாமல் கிடப்பது. மற்றொன்று, ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், டிஸ்பிளே மட்டும் வராது. இரண்டாவதில் முதல் சந்தேகம் ரேம்தான். கழற்றி, தங்க நிறக் காண்டாக்டை பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்து, இரண்டு பக்க கிளிப்பும் ‘டக்’கென்று விழும்வரை அழுத்தி மாட்டினாலே பலதும் சரியாகிவிடும். டெஸ்டரின் வேலை முக்கியமாக முதல் வகையில்தான்.

அங்கேயும் அவசரப்பட வேண்டாம். யுபிஎஸ்ஸைத் தவிர்த்து நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிப் பாருங்கள். 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் ஓய்ந்துவிடும். பேட்டரி செத்தால் கரண்ட் இருந்தும் எழுந்திருக்காத யுபிஎஸ் மாடல்கள் உண்டு. பவர் கார்டை மாற்றிப் பாருங்கள், பின்பக்கச் சின்ன ஸ்விட்ச் ‘1’ பக்கம் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் 115, 230 என்று எழுதிய சிவப்புத் தள்ளு ஸ்விட்ச் இருந்தால் அது 230-ல் இருக்க வேண்டும். 115-ல் வைத்து நம் ஊர்க் கரண்டைக் கொடுத்தால், உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களுக்கு இரண்டு மடங்கு வோல்டேஜ் போய் வெடித்துவிடும். பிறகு கார்டைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்து, ஒரு நிமிடம் விட்டு மாட்டுங்கள். ஷார்ட் கண்டு தன்னைப் பூட்டிக்கொண்ட எஸ்எம்பிஎஸ் சில சமயம் இதிலேயே எழுந்துவிடும். எழுந்தாலும் ஏன் பூட்டிக்கொண்டது என்று தேட வேண்டியது பாக்கிதான்.

இனி டெஸ்டர். கரண்டை அணைத்துவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் வயர்கள் அத்தனையையும் போர்டிலிருந்தும் டிஸ்க்கிலிருந்தும் கழற்றுங்கள். 24 பின்னை டெஸ்டரில் கிளிப் பக்கம் பார்த்து மாட்டி, அதன் பிறகு கரண்ட் கொடுங்கள். சிபியுவுக்குப் போகும் 4 அல்லது 8 பின்னையும் கிராபிக்ஸ் கார்டின் 6 அல்லது 8 பின்னையும் ஒவ்வொன்றாகத்தான் மாட்ட வேண்டும், அதுவும் அதனதன் வாயில். இந்த இரண்டு வகையிலும் மஞ்சளும் கருப்பும் நேர் எதிர்ப்பக்கம் இருக்கும். அமுக்கித் திணித்தால் டெஸ்டர்தான் புகையும்.

திரையில் வரும் எண்களுக்கு ஏடிஎக்ஸ், அதாவது கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸுக்கான பொது விதி சொல்லும் அளவு இது. மஞ்சள் வயரின் 12 வோல்ட், 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். சிவப்பின் 5 வோல்ட்டும் ஊதாவின் 5 வோல்ட் ஸ்டாண்ட்பையும் (பொட்டி அணைந்திருக்கும்போதும் வரும் கரண்ட்) 4.75 முதல் 5.25 வரை. ஆரஞ்சின் 3.3 வோல்ட், 3.14 முதல் 3.47 வரை. நீல வயரின் மைனஸ் 12-க்கு மட்டும் பத்து சதவீத சலுகை உண்டு. அளவுக்குக் கீழே போனால் ‘எல்எல்’, மேலே போனால் ‘எச்எச்’ என்று காட்டி பீப் அடிப்பது இந்த வகை டெஸ்டர்களின் வழக்கம். மைனஸ் 12 மட்டும் தவறினால் பதற வேண்டாம். இன்றைய போர்டுகளுக்கு அதனால் பெரிதாக வேலை இல்லை. கம்ப்யூட்டர் ஆன் ஆகாததற்குக் காரணம் அதுவல்ல.

திரையில் பலரும் பார்க்காமல் விடும் எண் ‘பிஜி’, அதாவது பவர் குட். வோல்டேஜ் எல்லாம் நிலைத்த பிறகு சாம்பல் நிற வயர் வழியாக எஸ்எம்பிஎஸ் போர்டுக்குக் கொடுக்கும் ‘சரி, கிளம்பலாம்’ என்ற சைகை அது. 100 முதல் 500 மில்லி செகண்டுக்குள் வர வேண்டும். இது வராமல் போனாலோ அவசரப்பட்டு முன்னால் வந்தாலோ ஃபேன் சுற்றியும் போர்டு எழாது. ஜெம் கிளிப்பால் இதைக் காணவே முடியாது. கொடுத்த காசுக்கு இந்தக் கருவி ஈடு செய்யும் இடம் இதுதான்.

இப்போது அந்த மீதிப் பாதிக்கு வருவோம். டெஸ்டர் எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் வைக்கும் சுமை மிக மிகக் கொஞ்சம். ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்று 12 வோல்ட்டில் மூன்று முதல் ஆறு ஆம்பியர் வரை இழுக்கலாம். உள்ளே கெப்பாசிட்டர் காய்ந்துபோன எஸ்எம்பிஎஸ், சுமை இல்லாதபோது 12.1 காட்டும், போர்டில் மாட்டியதும் 10-க்குச் சரிந்து படுத்துவிடும். காலையில் நாலைந்து தடவை அழுத்தினால் ஆன் ஆகி, சூடேறியதும் நாள் முழுக்க ஓடும் பொட்டிகளில் பெரும்பாலும் இந்தக் கோளாறுதான்.

இதற்கு ஒரு மலிவான வழி உண்டு. டெஸ்டர் மாட்டியபடியே, காலியாக இருக்கும் மோலெக்ஸ் ஒன்றின் மஞ்சளுக்கும் கருப்புக்கும் நடுவே கார் அல்லது பைக்கின் 12 வோல்ட் 21 வாட் பிரேக் லைட் பல்பை இணையுங்கள். ஒரு பல்பு 1.75 ஆம்பியர் இழுக்கும். மூன்று பல்பு என்றால் ஐந்து ஆம்பியருக்கு மேல். ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே திரையைப் பாருங்கள். மூன்றும் எரியும்போது 11.8-க்கு மேல் நின்றால் எஸ்எம்பிஎஸ் நல்ல உடம்போடு இருக்கிறது. 11.4-க்குக் கீழே இறங்கினால் மாற்ற வேண்டியதுதான். 60 வாட் ஹெட்லைட் பல்பை எடுக்காதீர்கள். குளிர்ந்த இழை முதல் கணத்தில் பல மடங்கு கரண்ட் இழுக்கும், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸே பயந்து அணைந்துவிடும். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் கைக்குச் சுலபமாகக் கிடைக்கும் லாரி பல்பும் வேண்டாம். அது 24 வோல்ட், போதிய சுமை தராது. பல்பு சீக்கிரம் கொதிக்கும், பிளாஸ்டிக் மேல் வைக்காமல் ஓட்டுத்துண்டு மேல் வையுங்கள்.

பல்புச் சோதனையிலும் தேறிவிட்டது, பொட்டி மட்டும் ஆன் ஆகவில்லை என்றால் டெஸ்டரை ஓரமாக வைத்துவிட்டு மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். 24 பின்னைப் போர்டிலேயே மாட்டி, கருப்பு முனையைக் கேபினெட் இரும்பில் வைத்து, சிவப்பு முனையை பிளக்கின் பின்பக்கம் வயர் நுழையும் சந்தில் விடுங்கள். ஊதாவில் 5 வோல்ட் இருக்க வேண்டும். டெஸ்டரில் 5.0 காட்டிய ஊதா இங்கே 4-க்கு இறங்கினால், ஒன்று ஸ்டாண்ட்பை பகுதி பலவீனம், அல்லது போர்டு எங்கோ அதை இழுக்கிறது. வேறொரு எஸ்எம்பிஎஸ் மாட்டினால் எது என்று தெரிந்துவிடும். அடுத்து பச்சை. அணைந்திருக்கும்போது அதில் 3 முதல் 5 வோல்ட் வரை நிற்கும். பவர் பட்டனை அழுத்தினால் பூஜ்யத்துக்கு அருகே விழ வேண்டும். விழாவிட்டால் குற்றம் பட்டனிலோ போர்டிலோ. கேபினெட் பட்டன் வயரைக் கழற்றிவிட்டு, போர்டில் பவர் ஸ்விட்ச் என்று குறித்த இரண்டு பின்னை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொடுங்கள். ஆன் ஆனால் பட்டன்தான் கோளாறு, அதற்குச் செலவு சொற்பம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எஸ்எம்பிஎஸ்ஸோ போர்டோ வாங்கக் கிளம்பக் கூடாது.

பச்சை விழுகிறது, ஃபேன் அரைச் சுற்று அசைந்து நின்றுவிடுகிறது என்றால் எங்கோ ஷார்ட். முன்பக்க யுஎஸ்பி வாயில் வளைந்த தகடு அடிக்கடி மாட்டும் குற்றவாளி, அதன் வயரைப் போர்டிலிருந்து உருவிப் பாருங்கள். பிறகு கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கடைசியாக சிபியுவின் 4 பின்னைக் கழற்றி அழுத்துங்கள். அப்போது மட்டும் ஃபேன் நிற்காமல் சுற்றினால், போர்டில் சிபியுவுக்குக் கரண்ட் கொடுக்கும் மாஸ்பெட் (ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) பகுதியில்தான் பெரும்பாலும் ஷார்ட் இருக்கும். அது போர்டு சர்வீஸ் தெரிந்தவர் வேலை.

இந்த டெஸ்டரின் மிகப் பெரிய குறை இங்கே நிறையப் பேரைத் தொடும். ஈரோடு, கரூர், திருப்பூர் ஆபீஸ்களில் பழைய டெல், எச்பி, லெனோவா பொட்டிகளை ரீஃபர்பிஷ்டாக வாங்குவது சகஜம். அவற்றில் பல மாடல்களின் எஸ்எம்பிஎஸ்ஸில் 24 பின்னே இருக்காது. 6 பின் அல்லது 8 பின், 12 வோல்ட் மட்டும் கொடுக்கும் தனி வகை. டெஸ்டர் அதில் மாட்டவே மாட்டாது. டெல் ஆப்டிபிளெக்ஸில் அதற்கு மாற்று உள்ளேயே இருக்கிறது: பல மாடல்களில் பின்பக்கம் பவர் கார்டு வாய்க்கு அருகே ஒரு குட்டி பட்டனும் விளக்கும் உண்டு. கார்டை மாட்டி பட்டனை அழுத்தினால் பச்சை எரிய வேண்டும். எரியாவிட்டால், உள்ளே எஸ்எம்பிஎஸ் வயர்களைக் கழற்றிவிட்டு மறுபடி அழுத்துங்கள். அப்போது எரிந்தால் குற்றம் போர்டு பக்கம், அப்போதும் எரியாவிட்டால் எஸ்எம்பிஎஸ். உங்கள் ஆபீஸ் முழுக்க இந்த வகைப் பொட்டிகள்தான் என்றால் டெஸ்டருக்குக் காசு போட வேண்டாம்.

கருவி எதுவும் காட்டாத காரணம் ஒன்று நம் மண்ணில் உண்டு: தூசி. திருப்பூர் கட்டிங் செக்‌ஷனிலும் சோமனூர், பள்ளிபாளையம் தறிக் குடோன்களிலும் பறக்கும் பஞ்சு, பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார்த் தூள், ஈரோட்டு மஞ்சள் மண்டித் தூசி எல்லாம் எஸ்எம்பிஎஸ் ஃபேன் வழியாகத்தான் உள்ளே போகும். பஞ்சு கம்பளி மாதிரி படிந்து காற்றை அடைத்தால் கெப்பாசிட்டர் சூட்டில் காயும். கரூர் பரமத்தி மாதிரி கோடையில் 40 டிகிரி தாண்டும் ஊரில் அது இன்னும் சீக்கிரம். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று வரும் மாதங்களில் அதே தூசி ஈரம் குடித்து, காலையில் ஆன் ஆகாமல் மதியம் ஆன் ஆகும் விசித்திரங்களைச் செய்யும். பஞ்சு உள்ள இடங்களில் மாதம் ஒரு முறை புளோயரால் ஊதுங்கள். ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். எஸ்எம்பிஎஸ் மூடியை மட்டும் திறக்காதீர்கள். கார்டைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

கருவியின் கட்டுமானம் சுமார்தான். திரை ஒரு தசமம் மட்டும் காட்டுகிறது, எனவே எல்லை ஓரத்து எண்களை மல்டிமீட்டரில் ஒரு தடவை சரிபாருங்கள். 24 பின் சாக்கெட்டின் தகடுகள் நாளடைவில் தளர்ந்து, நல்ல எஸ்எம்பிஎஸ்ஸிலும் ‘எல்எல்’ வர ஆரம்பிக்கும். அந்த ஒரு சமயத்தில் ‘கெட்டது’ என்ற பேச்சையும் நம்பக் கூடாது. சாட்டா வாயின் மெல்லிய நாக்கு பக்கவாட்டில் அசைத்தால் ஒடியும். வோல்டேஜின் மேல் ஏறி நிற்கும் அலைவை இது அளக்காது. 12 வோல்ட்டில் அது 120 மில்லி வோல்ட்டைத் தாண்டக் கூடாது, பார்க்க ஆஸிலோஸ்கோப் வேண்டும்.

வீட்டில் ஒரே கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு இது தேவையில்லை, ஒரு சாதாரண மல்டிமீட்டரும் ஜெம் கிளிப்பும் போதும். பத்துப் பதினைந்து அசெம்பிள்டு பொட்டிகள் ஓடும் ஆபீஸுக்கும் சர்வீஸ் செய்பவர் பைக்கும் தாராளமாக வாங்கலாம், கூடவே மூன்று பிரேக் பல்பும். வாங்கும்போது கடை மேஜையில் இருக்கும் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றில் மாட்டச் சொல்லி, 24 பின்னை லேசாக அசைத்துப் பாருங்கள். எண்கள் துள்ளினால் வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.